லயத்துக்குள் போகலாமா? வழிகாட்டி ஒருத்தியின் பதில்கள்

மூணாறு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் நான். இன்று சுற்றுலா வழிகாட்டி. தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றிக்காட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, லயங்களைப் போய்ப் பார்ப்பது தவறா? சிரித்துக்கொண்டேதானே உள்ளே அழைக்கிறார்கள்?

அழைப்பார்கள். என் அம்மாவும் அழைத்துக் கட்டஞ்சாயா கொடுத்திருக்கிறார். ஆனால் வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். ஜீப்பில் வந்து இறங்குபவர் மேலாளருக்கு வேண்டியவரோ என்ற தயக்கத்தில்தான் பல கதவுகள் திறக்கின்றன. மறுக்க முடியாதவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று என்னால் எண்ண முடியவில்லை. ஒருமுறை நான் கூட்டிப்போன ஆறு பேரைக் கண்டதும், காய்ச்சலில் படுத்திருந்த பாட்டி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தார். அதன்பிறகு யாரையும் நான் உள்ளே அழைத்துப் போவதில்லை.

காட்டாவிட்டால் அவர்கள் படும் பாடு வெளியே எப்படித் தெரியும்?

2015 செப்டம்பரில் தெரிந்ததே! போனஸைக் குறைத்தபோது பெண்கள் தாங்களே மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அண்டவிடவில்லை. அன்று நாள் கூலி 232 ரூபாய், 500 கேட்டார்கள். 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயர் நாடெங்கும் போனது. அந்தப் பெண்கள் உட்கார்ந்த சாலையிலேயே நின்று இந்தக் கதையைச் சொல்கிறேன். எந்த வீட்டுக்குள்ளும் நுழையத் தேவைப்படவில்லை.

நிலச்சரிவு நடந்த பெட்டிமுடியைப் பார்க்க வேண்டும்.

வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்துபோனார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவேயில்லை. உறவினர்கள் இன்னும் அழுதுகொண்டிருக்கும் மண் அது.

கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்கலாமா? பிள்ளைகளுக்கு மிட்டாய் தரலாமா?

மும்பை தாராவியில் குடிசைப் பகுதியைச் சுற்றிக்காட்டும் ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம் விருந்தினர்களைப் படமே எடுக்க விடுவதில்லை. இங்கேயும் அப்படித்தான் வேண்டும். கொழுந்துக்கு எடைக் கணக்கு உண்டு. உங்களுக்காக நிற்கும் நேரம் அவர் கூடையில் குறையும். மிட்டாய் வேண்டவே வேண்டாம். ஜீப்பைக் கண்டால் கை நீட்டப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள்.

அப்படியானால் நல்ல சுற்றுலாவே கிடையாதா?

தேக்கடிக்குப் போய்ப் பாருங்கள். காட்டில் வயனை (காட்டு இலவங்கம்) மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களை வனத்துறையே சேர்த்துக்கொண்டு வழிகாட்டிகளாக்கியது. தங்கள் காட்டைத் தாங்களே காட்டுகிறார்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

அக்கா, நான் ஜீப் ஓட்டுகிறேன். லயத்துக்குள் கூட்டிப்போக மறுத்தால் டிப்ஸ் போய்விடுகிறது.

தெரியும், தம்பி. எனக்கும் போயிருக்கிறது. லயத்துத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தாதே. தோட்டத்துப் பெண் யாராவது நடத்தும் டீக்கடையில் நிறுத்து. அங்கே அவர் கடைக்காரர். பேசப் பிடித்தால் பேசுவார். பிடிக்காவிட்டால் காசை வாங்கிக்கொண்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவார்.