கைபேசியை வேகமாக இயக்கத் தெரிந்தால் அதுவே டிஜிட்டல் அறிவா?

போதாது. செயலியை இறக்குவது, படிவம் நிரப்புவது, பணம் அனுப்புவது எல்லாம் கைப்பழக்கம். கொஞ்ச நாளில் யாருக்கும் வந்துவிடும். வந்த தகவலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோடுவதுதான் கடினம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரலாற்று அறிஞர்கள், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். முதல் இரு தரப்பில் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, நேர்த்தியான வடிவமைப்பையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே வேறு டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைவாகப் படித்தும் சரியாகக் கண்டுபிடித்தது அவர்கள்தான். 'படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள்' என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்!

சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இணைப்பை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே அதன் பொருள். மோசடித் தளத்துக்கும் அந்தப் பூட்டு கிடைக்கும்.

அடுத்தது, பகிரும்போது நமக்குள்ள பொறுப்பு. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2018இல் வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் வேகமாகப் பரவியது. அதற்கு முக்கியக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே.

ஒரு குழுவில் தவறானதைப் பகிர்ந்துவிட்டால் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே படித்தவர்களுக்கு அது தவறென்றே தெரியாமல் போய்விடும். அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள்.