டெபியன் 11 சர்வரை நேரா 13க்கு ஏத்தலாமா, ஏத்தினா என்னெல்லாம் உடையும்?

டெபியன்ங்கிற லினக்ஸ்ல நேரா தாவ முடியாதுங்க. 11ல இருந்து 12, அது ஒழுங்கா நிமிர்ந்து நின்னப்புறம் 13, இப்படிப் படிப்படியாத்தான் போகணும், நடுவுல ஒண்ணை விட்டுட்டுப் போறதை டெபியன்காரங்களே ஆதரிக்கிறதில்ல.

என்ன உடையும்னு கேட்டீங்கல்ல, அதுக்கு என் கதையையே சொல்றேன். ஆப்ட் (டெபியன்ல சாஃப்ட்வேர் இறக்குற கருவி) வழியா டெபியனோட சொந்த ரெப்போல, அதாவது அவங்க சாஃப்ட்வேர் கிடங்குல இருந்து வந்தது எனக்கு அனேகமா உடைஞ்சதே இல்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு அவசரத்துக்கு வேற எங்கிருந்தோ கொண்டாந்து இறக்குறோம் பாருங்க, அந்த சாமான்தான் கழுத்தறுக்கும்.

2023ல புக்வார்ம், அதாவது 12, ஜூன்ல வந்துச்சு. ஒரு சின்ன லாரி ஆபீஸுக்கு லோடு பில் போடுற ஜாங்கோ (பைத்தான்ல வெப் ஆப் கட்டுற சட்டகம்) ஆப் ஒண்ணு நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன், புல்ஸ்ஐல, அதாவது 11ல ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி அப்கிரேட் போட்டேன், ஒரு எரர் கூட வரல, நமக்கே கொஞ்சம் திமிர் வந்துருச்சு, ரீபூட் பண்ணிட்டுப் பாத்தா ஆப் பதில் சொல்லலன்னு 502 எரர். வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் ஓடுது, டேட்டாபேஸ் ஓடுது, பைத்தான் மட்டும் ஜாங்கோன்னா யாருன்னு கேக்குது. விஷயம் என்னன்னா ரெண்டு வருஷம் முன்னாடி நான் சூடோ (அட்மின் அதிகாரம்) போட்டு, பைத்தானோட சொந்த இன்ஸ்டாலரான பிப்லயே எல்லாத்தையும் சிஸ்டம் பைத்தானுக்குள்ள இறக்கி வச்சிருந்தேன். 11ல பைத்தான் 3.9, 12ல 3.11. பழைய பேக்கேஜெல்லாம் 3.9 ஃபோல்டர்ல அப்படியே பத்திரமா இருக்கு, புதுப் பைத்தான் அந்தப் பக்கமே திரும்பாது. சரி திரும்ப பிப் போடுவோம்னா, இந்த பைத்தான் ஆப்டோட பொறுப்பு, நீ கை வைக்காதேன்னு 12 மறுத்துருச்சு. மீறுறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதோட பேரே ‘சிஸ்டம் பேக்கேஜை உடை’ங்கிற அர்த்தத்துலதான் வச்சிருக்காங்க, அதுக்கு மேல அவங்க எப்படித்தான் எச்சரிக்கிறது!

ஒரு வென்வ் (ஆப்புக்குன்னு தனியா ஒரு பைத்தான் ஃபோல்டர்) போட்டு அதுக்குள்ள இறக்கலாம்னு உக்காந்தா, எந்த வெர்ஷன்னு லிஸ்ட் கிடையாது. நல்ல வேளை, பழைய 3.9 ஃபோல்டருக்குள்ள டிஸ்ட்-இன்ஃபோன்னு முடியிற ஒவ்வொரு டைரக்டரி பேர்லயும் வெர்ஷன் நம்பர் இருக்கும், அதைப் பாத்துப் பாத்து எழுதி விடியக்காலைல ஏத்தினேன். இதுல இன்னொண்ணு, வென்வ் இருந்தாலும் பைத்தான் மாறினா அதையும் புதுசா கட்டணும், 13ல மறுபடி 3.13 ஆயிடுது. ஆனா லிஸ்ட் கையில இருந்தா அது அஞ்சு நிமிஷ வேலை.

இப்படி வெளியில தேடிப் போறதுக்கு முக்கியமான காரணம், டெபியன்ல எல்லாம் பழைய வெர்ஷனாவே இருக்குன்னு ஒரு குறை. வெர்ஷன் நம்பரை அப்படியே வச்சுக்கிட்டு செக்யூரிட்டி ஃபிக்ஸை மட்டும் பின்னாடி கொண்டு வந்து ஒட்டுறாங்க, அதனால நம்பரைப் பாத்துப் பயப்படத் தேவையில்ல. நிஜமாவே புதுசு வேணும்னா முதல்ல பேக்போர்ட்ஸ்ல (புது வெர்ஷன்களை டெபியன்காரங்களே தர்ற தனி ரெப்போ) இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி மட்டும் வெளி ரெப்போ.

அதனால அப்கிரேடுக்கு முன்னாடி டெபியன்ல இருந்து வராத பேக்கேஜ் என்னென்ன, அப்டேட் ஆகாம ஹோல்டு போட்டு வச்சது எதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிருங்க. டேட்டாபேஸ் டம்ப் எடுத்து வேற மெஷின்ல வைங்க, விபிஎஸ்னா (வாடகை விர்ச்சுவல் சர்வர்) முழு டிஸ்க்கோட ஸ்னாப்ஷாட்டும் எடுங்க. அப்புறம் இருக்கிற 11லயே எல்லா அப்டேட்டும் முடிச்சு, வெளி ரெப்போவை மூடிட்டு, ஆப்டோட சோர்சஸ் லிஸ்ட்ல புல்ஸ்ஐங்கிற பேரை புக்வார்ம்னு மாத்தி, டீமக்ஸுக்குள்ள உக்காந்து (நெட் போனாலும் வேலையைத் தொடர்ந்து ஓட விடுற டெர்மினல், பாதியில நிக்கக்கூடாதுல்ல) முதல்ல புதுப் பேக்கேஜ் எதையும் சேக்காம சாதா அப்கிரேட், அப்புறம்தான் ஃபுல் அப்கிரேட். சொந்த மெஷின்னா 12ல இருந்து ஃபர்ம்வேர் எல்லாம் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்னு தனிப் பகுதிக்குப் போயிடுச்சு, அதையும் லிஸ்ட்ல சேருங்க.

நடுவுல கான்ஃபிக் ஃபைலை மாத்தட்டுமான்னு கேக்கும். தூக்கக் கலக்கத்துல, தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையிற எஸ்எஸ்ஹெச் ஃபைலுக்கு புதுசை வைன்னு சொல்லி, நான் மாத்தி வச்சிருந்த போர்ட் போய் 22 ஆகி, ஃபயர்வால்ல 22 மூடியிருக்க, வீட்டுக்கு வெளிய நின்ன கதையும் நமக்கு உண்டு. வெப் கன்சோல் வழியா உள்ள போனேன். இப்பல்லாம் என் மாத்தங்களை எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் டாட் டி ஃபோல்டர்ல தனி ஃபைலா வச்சுடறேன், கேள்வியே வர்றதில்ல.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வச்சிருந்தா, டெபியன் 11ல அதோட வெர்ஷன் 13, டெபியன் 12ல 15, டெபியன் 13ல 17. அப்கிரேட் முடிஞ்சதும் புதுசு காலியா 5433 போர்ட்ல நிக்கும், உங்க டேட்டா பழசுல 5432லயே இருக்கும். அந்தக் காலி கிளஸ்டரை (புது வெர்ஷனோட டேட்டா இடம்) டிராப் பண்ணிட்டு, பழைய டேட்டாவைப் புதுசுக்கு மாத்துற பிஜி-அப்கிரேட்கிளஸ்டர் கமாண்டை ஓட்டணும். எதை டிராப் பண்றோம்னு ரெண்டு தடவை படிச்சுட்டு என்டர் தட்டுங்க.

12க்கு வந்தப்புறம் ஒரு வாரமாவது ஓட விட்டுட்டு 13க்குப் போங்க. 13ல டெம்ப் ஃபோல்டர் ராம்ல உக்காந்துக்கும், பாதி ராம் வரைக்கும் எடுத்துக்கும். ஒரு ஜிபி விபிஎஸ்ல டம்ப் ஃபைலை டெம்ப்ல எழுதுற பேக்கப் ஸ்கிரிப்ட் இருந்தா அதை முதல்ல மாத்திருங்க, என்னோடது ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்ணுல பட்டுச்சு.