ஸ்டேஷனில் ரெண்டு நாள் வைத்தால் பையன் திருந்துவானா?

செங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ப்ளஸ் ஒன் படிக்கும் 16 வயது மகன், பஸ் ஸ்டாண்டில் சண்டை, எதிர்ப்பக்கத்துப் பையனுக்குத் தலையில் நாலு தையல். போலீஸ் கூப்பிட்டிருக்கிறது. "ரெண்டு நாள் உள்ள வச்சாத்தான் புத்தி வரும்னு இவங்க அப்பா சொல்லுதாரு, விட்டுரலாமா? இல்ல, கேரளாவுல ஆரியங்காவு சித்தி வீட்டுக்கு அனுப்பிரவா?"

ரெண்டும் வேண்டாம்மா. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது ஆகாத பையனை லாக்கப்பில் வைக்கவே கூடாது, விலங்கும் போடக் கூடாது, பிடித்தால் 24 மணி நேரத்துக்குள், இந்த வயதுப் பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஸ்டேஷனில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யாரென்று கேட்டு அவரிடமே பேசுங்கள். வாக்குமூலம் எதிலும் பையனிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. இந்த மாதிரிக் காயத்துக்கு எஃப்.ஐ.ஆர் போடாமல் ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிந்து, வீட்டு நிலவர அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவதுதான் விதி. ஆனால் 18 தாண்டிய 'அண்ணன்' எவனாவது கூடச் சேர்ந்து அடித்திருந்தால் எஃப்.ஐ.ஆர் வரும், அதனால் சண்டையில் கூட இருந்தது யார் யார் என்று மகனிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஆரியங்காவு? இது மத்தியச் சட்டம், கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட்டோடு நின்றுவிடாது. ஒளித்து வைத்ததாகத்தான் ஆகும்.

சரி, கேஸை விடுங்கள். எனக்குப் பெரிய கவலை அந்தத் தையல் போட்ட பையனைப் பற்றி. அவன் கட்டிலைச் சுற்றி இப்போது நாலு சேக்காளிகள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அடுத்த சண்டைக்கு நாள் குறிப்பது அங்கேதான். வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதார சபை 1996-இலேயே சொன்னது சும்மா இல்லை, ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்கு அம்மை மாதிரி ஒட்டுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005-இல் இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கியதே போலீஸ்தான். பிற்பாடு அங்கே ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவிலேயே, அடிபட்டு வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வைத்தார்கள்.

நம்மூரில் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். ரெண்டு வீட்டுக்கும் தெரிந்த பி.டி. வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மகன் இப்போதைக்கு வேண்டாம். மருந்துச் செலவைக் கேளுங்கள். கேஸ் வாபஸ் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், மிரட்டியதாக மாறிவிடும். அப்புறம் மகனின் பையைப் பாருங்கள். கத்தி, சைக்கிள் செயின் ஏதாவது கிடைத்தால் உடனே கத்தாமல், யாருக்குப் பயந்து வைத்திருக்கிறான் என்று கேளுங்கள் (பாதிப் பயல்கள் பயத்தில்தான் தூக்குகிறார்கள்). தூக்கமில்லாமல் திரிந்தால் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது.

போகும்போது அவன் அப்பாவும் வரட்டும். பேச வராவிட்டால் வாசலில் நிற்கட்டும்.