ஆணியில் சுற்றிய மின்காந்தம்: கேள்வி பதில்

கே: இரும்பு ஆணியில் 100 சுற்று சுற்றி 1.5 வோல்ட் பேட்டரி கொடுத்தேன். குண்டூசிகூட ஒட்டவில்லை.

ப: எனாமல் பூசிய செம்புக் கம்பியா? இரு முனைகளையும் 2 செ.மீ. நீளத்துக்கு உப்புத்தாளால் தேயுங்கள். எனாமல் மின்சாரத்தைக் கடத்தாது; அதுவும் செம்பு நிறத்தில்தான் இருக்கும், பார்த்தால் தெரியாது. இரண்டாம் அடுக்கையும் அதே திசையில் சுற்றுங்கள். திசை மாறினால் ஒரு அடுக்கின் புலத்தை மற்றது அழித்துவிடும். 5 விநாடிக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள், கம்பி சுடும்.

கே: சுற்றை 200 ஆக்கினால் பலம் இரட்டிப்பாகும்தானே?

ப: மின்னோட்டம் குறையாமல் இருந்தால் ஆகும்.

கே (வேறொருவர்): கம்பி நீளம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும், மின்னோட்டம் பாதியாகும். அப்புறம் என்ன பயன்?

ப: பேட்டரிக்கு உள்தடையே (அதற்குள்ளேயே இருக்கும் மின்தடை) இல்லையென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் இருக்கிறதே! உள்தடை 0.3 ஓம், 100 சுற்றுக்கு 0.2 ஓம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 1.5 ÷ 0.5 = 3 ஆம்பியர்; சுற்றால் பெருக்கினால் 300 (காந்தத்தின் பலத்தைக் காட்டுவது இந்தப் பெருக்கல்தான்). 200 சுற்றில் மொத்தத் தடை 0.7 ஓம், மின்னோட்டம் 2.14 ஆம்பியர், பெருக்கினால் 429. இரட்டிப்பும் இல்லை, வீணும் இல்லை. கம்பி சூடாவதும் பேட்டரி தீர்வதும் குறையும்.

கே: அப்படியானால் 1000 சுற்று?

ப: இதே கணக்கில் எத்தனை சுற்றினாலும் 750ஐத் தாண்டாது. வெளி அடுக்குகளுக்குக் கம்பி அதிகம் பிடிப்பதால் அதுவும் எட்டாது. இன்னும் பலம் வேண்டுமானால் தடித்த கம்பி. வீட்டு மின்சாரத்தையோ லித்தியம் பேட்டரியையோ தொடவே தொடாதீர்கள்.

கே: பேட்டரியை எடுத்த பிறகும் ஊசி ஒட்டுகிறது.

ப: ஆணியில் எஃகுத்தன்மை இருக்கிறது. சுற்றுவதற்கு முன் செஞ்சூடாக்கி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். தேனிரும்பு கிடைத்தால் இந்த வேலையே இல்லை.

கே: 100 சுற்று சுற்றியும் ஒட்டவில்லை, ஏன்?

ப: முனைகளைத் தேய்த்தீர்களா? முதல் பதிலைப் பாருங்கள்.

கே: எவர்சில்வர் டம்ளரில் காந்தம் ஒட்டவில்லை.

ப: நிக்கல் கலந்த வகை. ஒட்டாது.

கே: திருநெல்வேலியில் 1 ஆம்பியர் ஓடும் கம்பியை, வடக்கு தெற்காக, திசைகாட்டி முள்ளுக்கு 1 செ.மீ. மேலே பிடித்தேன். 27 டிகிரிதான் விலகியது.

ப: அருமையான அளவீடு! கம்பியின் புலம் அங்கே 20 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உங்கள் ஊரில் புவிக்காந்தப் புலம் ஏறக்குறைய கிடையாகவே, சுமார் 40 மைக்ரோடெஸ்லா இருக்கிறது. 20/40 = 0.5, அது 27 டிகிரியின் டேன்ஜென்ட். லண்டனில் அந்தப் புலத்தின் கிடையான பகுதி சுமார் 20தான். இதே கம்பி முள்ளை 45 டிகிரி திருப்பும்.

கே: கம்பியில் மின்சாரமே போகவில்லை, பேட்டரி புதுசு...

ப: உப்புத்தாள்.