அண்டர்கிரவுண்ட் கழிவறை மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ரிப்பேர் பார்க்கலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

நீங்கள் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: பாளையங்கோட்டையில் மூன்று மாடிக் கட்டடம். அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் வாட்ச்மேனுக்கும் டிரைவர்களுக்கும் ஒரு கழிவறை. தெருவில் போகும் பாதாளச் சாக்கடை அதைவிட உயரத்தில் இருப்பதால் கழிவு ஒரு குழியில் சேர்ந்து, மோட்டார் அதை மேலே தள்ளுகிறது. இப்போது மோட்டார் உறுமுகிறது, தள்ளவில்லை. மெக்கானிக் புது மோட்டார் போடச் சொல்கிறார். குழிக்குள் இறங்கிக் கழற்ற ஒரு பையனைக் கூட்டி வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் உள்ளதற்குத்தான் முதல் பதில். அந்தப் பையனை இறங்க விடாதீர்கள். மூடிக் கிடந்த கழிவுக் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால்தானே ஆபத்து என்று நினைப்பார்கள். செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். அடிச் சேற்றைக் காலால் கலக்கியதும் இன்னும் கிளம்பும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்க், சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் கிடக்கட்டும், ஒரு மோட்டாருக்காகப் போகிற உயிரா அது?

சரி, மோட்டாரை எப்படி எடுப்பது? கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டுக் குழியை உறிஞ்சச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் சங்கிலி கட்டியிருந்தால் மேலிருந்தே தூக்கலாம். வண்ணார்பேட்டையில் நான் பராமரிக்கும் லாட்ஜில் இதற்காகவே இரண்டு கைடு பைப் நட்டிருக்கிறோம். மோட்டார் அதில் வழுக்கி இறங்கித் தன் எடையிலேயே கீழே உள்ள பெண்டில், அதாவது வளைகுழாயில், உட்கார்ந்துகொள்ளும். போல்ட் கழற்ற யாரும் உள்ளே போக வேண்டாம். புது மோட்டார் வாங்குகிறீர்களோ இல்லையோ, இந்த ஏற்பாட்டுக்குக் காசு செலவழியுங்கள்.

இனி நோய் என்ன என்று பார்ப்போம். சிங்கிள் பேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், ஒன்று கெபாசிட்டர் போயிருக்கும், இல்லை இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) ஏதாவது சிக்கியிருக்கும். கெபாசிட்டர் சில நூறு ரூபாய்ச் சமாசாரம். த்ரீ பேஸ் என்றால் ஒரு பேஸ் வராமல் இருக்கலாம். மேலே தூக்கிய மோட்டாரைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் தட்டைக் கழற்றுங்கள். எங்கள் லாட்ஜில் பெரும்பாலும் வருவது மாப் நூல், நாப்கின், ஷாம்பு பாக்கெட். நூல் ஷாஃப்டில் வரிவரியாக இறுகச் சுற்றியிருக்கும், பிளேடால் அறுத்துத்தான் எடுக்க முடியும். எடுத்த பிறகு இம்பெல்லர் கையால் சுற்ற வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் தண்ணீர் ஏறாவிட்டால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். என்.ஆர்.வி (தள்ளிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) அடைத்திருக்கும், அல்லது குழாயில் உள்ள வால்வை யாராவது மூடியிருப்பார்கள். த்ரீ பேஸில் இன்னொரு கூத்து உண்டு. தெருவில் லைன் வேலை நடந்து பேஸ் மாறிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். கொஞ்சம் தள்ளும், முழுதாகத் தள்ளாது. இரண்டு வயரை மாற்றிப் போட்டால் தீர்கிற விஷயத்துக்குப் புது மோட்டார் விற்றவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் ப்ளோட்டைப் பாருங்கள், தண்ணீர் ஏறினால் மோட்டாரை ஓட விடும் மிதவை ஸ்விட்ச் அது. கொழுப்புப் படிந்து கனத்தோ, வயர் சிக்கியோ கிடக்கும்.

ரிப்பேரா புதுசா என்பதை முடிவு செய்வது சீலும் (ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் மோட்டாருக்குள் புகாமல் தடுப்பது) காயிலும் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று)தான். சீலுக்கு மேலே ஒரு சின்ன அறையில் எண்ணெய் இருக்கும். அதன் ஸ்க்ரூவைத் திறந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சீல் நலம். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. பிறகு மெக்கர் என்ற மீட்டரை வைத்து இன்சுலேஷன், அதாவது காயிலிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கரில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அப்படியே ஓட்டக் கூடாது. வெறும் ஈரம்தான் என்றால் காய வைத்தாலே அந்த எண் ஏறிவிடும். காயில் எரிந்திருந்தால் ரீவைண்டிங். எங்களுக்கு வழக்கமாகச் சுற்றித் தரும் அண்ணாச்சி, "காயிலைச் சுத்திக் குடுத்துருவேன் தம்பி, சீலை மாத்தாமக் கொண்டு போனா திரும்ப எங்கிட்டதான் வருவீய" என்பார். சீல், பேரிங், கேபிள் நுழையும் இடத்து ரப்பர் எல்லாவற்றையும் அந்த வேலையோடு சேர்த்தே மாற்ற வேண்டும். அந்தச் செலவு புது மோட்டார் விலையில் பாதியைத் தாண்டினாலோ, சீல் உட்காரும் இடத்து இரும்பு அரித்துக் குழி விழுந்திருந்தாலோ நான் புதிதுதான் வாங்குவேன். ஏற்கனவே ஒருமுறை சுற்றிய மோட்டாருக்கும் இதே தீர்ப்புதான்.

புதிது வாங்கும்போது தோட்டத்துக் கிணற்றில் போடும் ஓபன்வெல் மோட்டாரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது நல்ல தண்ணீருக்கு. உங்களுக்கு வேண்டியது சீவேஜ் சப்மெர்சிபிள். 40, 50 மில்லிமீட்டர் உருண்டை தடையில்லாமல் வெளியேறும் ரகம். குழித் தண்ணீர் மட்டத்திலிருந்து தெரு மேன்ஹோலில் குழாய் சேரும் இடம் வரை உயரத்தை டேப் பிடித்து அளந்து, குழாய் உரசலுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளேட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச ஹெட்டை (தண்ணீரை ஏற்றும் உயரம்) பார்த்து ஏமாறாதீர்கள், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. உங்கள் உயரத்தில் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். ஹெச்.பி கூட்டினால் நல்லது என்பதும் தப்பு. சின்னக் குழியை அது நொடியில் காலி செய்யும், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆகும், சூடேறிக் காயில் போகும். அந்தக் காசுக்கு அளவான மோட்டார் இரண்டு போட்டு மாற்றி மாற்றி ஓட விடலாம்.

நம்மூருக்கென்று ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி கீழ்த்தளச் சுவரில் இருந்த இடங்களில் மோட்டாருக்கு முன்னால் பெட்டிதான் மூழ்கியது. பெட்டியைத் தரைத்தளத்தில், உங்கள் பகுதியில் அன்று தண்ணீர் நின்ற மட்டத்துக்கும் மேலே ஏற்றிவிடுங்கள். என்.ஆர்.வி-யிலும் கஞ்சம் பார்க்காதீர்கள். தெருச் சாக்கடை நிரம்பினால் அது உங்கள் குழாய் வழியாகத்தான் திரும்பி வரும்.

எல்லாம் மாட்டியதும் நல்ல தண்ணீர் நிரப்பி, ப்ளோட் ஏறும்போது ஓடுகிறதா, இறங்கும்போது நிற்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் (வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட் அளக்கும் கருவி) எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்பதைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். பின்னால் அந்த எண் கூடினால் இம்பெல்லரில் ஏதோ சிக்கியிருக்கிறது; நன்றாகக் குறைந்தால் மேலே குழாயோ வால்வோ அடைத்திருக்கிறது.