வாசகர் கேள்வி - பதில்: வாசலுக்கு வரும் ஊசி

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடக்கவிருப்பதாகக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்துள்ளது. பெரிய மருத்துவமனை ஒன்றின் பெயரைச் சொல்கிறார்கள். பணத்தை மட்டும் ஒரு தனிநபரின் எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பச் சொல்கிறார்கள். 74 வயதான என் மாமனாருக்கு அங்கே போடலாமா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: ஃப்ளூ ஊசி முதியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் பணம் மருத்துவமனைக் கணக்குக்குப் போகவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களே, அதுவே பாதி விடை.

2021 மே 30 அன்று மும்பை காந்திவலியில் உள்ள ஓர் அடுக்ககத்தில், தனியார் மருத்துவமனை ஒன்றின் பெயரைச் சொல்லி, ஆளுக்கு 1,260 ரூபாய் வாங்கிக்கொண்டு 390 பேருக்குக் கோவிட் ஊசி போட்டார்கள். எவருக்கும் காய்ச்சலோ உடல்வலியோ வராததும், பிறகு வந்த சான்றிதழ்களில் வெவ்வேறு மருத்துவமனைகளின் பெயர்கள் இருந்ததும்தான் குடியிருப்போருக்குச் சந்தேகத்தைக் கிளப்பின. அடுத்த மாதம் கொல்கத்தாவின் கஸ்பா பகுதியில், ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர் நடத்திய முகாமில் அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மிமி சக்கரவர்த்தியே ஊசி போட்டுக்கொண்டார். வரவேண்டிய குறுஞ்செய்தி வராததால் அவர் விசாரிக்கப்போய்த்தான் குட்டு உடைந்தது. கைப்பற்றப்பட்ட குப்பிகளில் கோவிஷீல்டு என்ற சீட்டுக்கு அடியில் அமிகாசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தின் சீட்டு இருந்தது. எம்.பி.யே ஏமாந்த இடத்தில், படித்தவர்கள் நிறைந்த அடுக்ககம் என்பதெல்லாம் ஒரு காப்பு ஆகாது.

அறிவிப்பில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்த மருத்துவமனையின் பழைய ரசீதிலோ இணையதளத்திலோ உள்ள எண்ணுக்கு அழைத்து, இந்தத் தேதியில் இந்த முகவரியில் முகாம் உண்டா என்று கேளுங்கள். ஃப்ளூ ஊசி பெரும்பாலும் மருந்து நிரப்பிய சிரிஞ்சாகவே அட்டைப் பெட்டியில் வரும். பெட்டியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு, அதே தொகுதி எண்ணைக் குறித்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டியே இல்லாமல், பெட்டி பிரித்த சிரிஞ்சுகள் தட்டில் வரிசையாகக் கிடந்தால் மாமனாரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே போட்டுக்கொள்வது இதைவிட எளிது என்பது என் எண்ணம்.

கேள்வி: "சுகாதாரத் துறையிலிருந்து பேசுகிறோம், பூஸ்டர் பதிவுக்காக" என்று அம்மாவை அழைத்து, கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணை வாங்கிவிட்டார்கள். அதன்பின் அவருடைய வாட்ஸ்அப் திறக்கவில்லை. உறவினர்களிடம் அவர் பெயரில் பணம் கேட்கிறார்கள்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: 2022 ஜனவரியில் முன்னெச்சரிக்கை டோஸ் என்ற பெயரில் கோவிட் பூஸ்டர் தொடங்கியபோதே பரவிய தந்திரம் இது. அந்தக் குறுஞ்செய்தியை எடுத்துப் படித்துப் பாருங்கள். அது வாட்ஸ்அப்புக்கான எண் என்றும், எவரிடமும் பகிர வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கும். அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள், பயந்துவிட்டால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

உறவினர்களுக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டு, அம்மாவின் கைப்பேசியில் வாட்ஸ்அப்பை அவர் எண்ணிலேயே மறுபடி பதிவு செய்யுங்கள். மோசடிக்காரரின் கருவியில் அது தானாகத் துண்டிக்கப்படும். இரண்டாவதாக ஒரு பின் எண் கேட்டால், அதை அவர்கள் வைத்துவிட்டார்கள் என்று பொருள். ஏழு நாள் காத்திருந்தால் அது இல்லாமலேயே நுழையலாம். எவரேனும் பணம் அனுப்பியிருந்தால், அனுப்பியவரே தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். பணம் கைமாறுவதற்கு முன்பாக முடக்க அப்போதுதான் வாய்ப்பு உண்டு.

கேள்வி: குழந்தையின் அரசுத் தடுப்பூசிக்கு 'பதிவுக் கட்டணம்' என்று ஒரு லிங்க் வந்தது. செலுத்த வேண்டுமா?
- வாசகி, திண்டிவனம்

பதில்: வேண்டாம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் ஊசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழுவதும் இலவசம். லிங்கைத் தொடாமல் அழித்துவிட்டு, தடுப்பூசி அட்டையுடன் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள்.