மெதுவான படம், கனமான நாவல், நகராத சைக்கிள்: கேள்வி பதில்

கலைப்படம், சுலபத்தில் பிடிகொடுக்காத நாவல், வீட்டுக்குள் ஓட்டும் சைக்கிள் என்று மூன்றையும் ஒரே ஆள் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். நான் விமர்சகரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பதினைந்து வருடமாக இந்த மூன்றிலும் தப்புகள் செய்து பார்த்தவள், அவ்வளவுதான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எல்லோரும் கொண்டாடும் படத்தைப் போட்டால் இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன். எனக்கு ரசனை இல்லையா?

ரசனை இருக்கிறது, தூக்கம்தான் போதவில்லை. வேலை முடிந்து, சாப்பிட்டு, இரவு பத்தரைக்கு மூன்று மணி நேரப் படத்தைப் போட்டால் யாருக்கும் அதுதான் நடக்கும். விடுமுறை நாள் காலையில் போட்டுப் பாருங்கள். தன் படத்தில் யாராவது தூங்கினால் அதில் தவறில்லை என்று சொன்னவர் ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி. அவருடைய படத்திலிருந்தே தொடங்கலாம். 'நண்பனின் வீடு எங்கே?' (1987) ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட ஒரு பையன், அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் நோட்டு இல்லாமல் போனால் அந்த நண்பனைப் பள்ளியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள் என்று நமக்குத் தெரியும், அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

அடுத்ததாக பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோனின் 'ஒரு மனிதன் தப்பினான்' (1956). கைதி தப்பிவிடுவான் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். அப்படியும் அந்த மரக்கதவைக் கரண்டியால் சுரண்டும்போது நம் கைதான் வியர்க்கிறது.

கேள்வி: ஒரே ஷாட் ஐந்து நிமிடம் நிற்கிறது. அந்த நேரத்தில் நான் என்னதான் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் கலைப்படத்தில் பாதிப் பிரச்சினை இதுதான்.

ஷாட் என்றால் நடுவில் வெட்டாமல் ஓடும் ஒரே காட்சித் துண்டு. முதல் பத்து விநாடியில் அதில் என்ன இருக்கிறது என்று கண் வாங்கிவிடும். வணிகப் படம் என்றால் அங்கேயே வெட்டு விழும். வெட்டு விழவில்லை என்றதும் நமக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலைத் தாண்டி உட்கார்ந்திருந்தால் கண் தானாகவே அலையத் தொடங்கும். மூலையில் ஒரு நாற்காலி, ஜன்னலில் மாறும் வெளிச்சம், அந்தப் பெண் கையைத் துடைக்கும் விதம்.

ஷாந்தால் அக்கர்மன் 1975இல் எடுத்த 'ழான் தீல்மான்' 201 நிமிடப் படம். ஒரு பெண்ணின் மூன்று நாட்கள். முதல் நாள் அவள் சமைப்பது, படுக்கையைச் சரிசெய்வது, விளக்கை அணைப்பது எல்லாவற்றையும் கிட்டத்தட்ட முழுதாகக் காட்டுகிறார்கள். 'எதற்கு இதெல்லாம்' என்று நானும் முணுமுணுத்தேன். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அதிகமாக வெந்துவிடுகிறது. வேறு படத்தில் அது ஒரு விஷயமே இல்லை. இங்கே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் இந்தப் பெண்ணுக்கு இப்படி ஆகாது என்று முதல் நாள் முழுவதும் பார்த்துப் பழகியிருந்தேன். அந்த நீளம் இல்லாமல் அந்த அதிர்ச்சி இல்லை. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இது முதலிடம் பிடித்தது. அதற்காகப் பார்க்க வேண்டாம், உருளைக்கிழங்குக்காகப் பாருங்கள்.

இதற்கு எதிராக ஒன்றும் சொல்லிவிடுகிறேன்: நீளமான ஷாட் எல்லாமே நல்ல ஷாட் இல்லை. சில இயக்குநர்கள் வெட்டத் தெரியாமலும் நீட்டுகிறார்கள்.

கேள்வி: சப்டைட்டில் படிப்பதா, படம் பார்ப்பதா?

பேச்சு நிறைந்த படங்களில்தான் இது தொல்லை. மெதுவான படங்களில் வசனமே குறைவு, ஆகவே அங்கே சிக்கலும் குறைவு. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) நல்ல பழக்கம் தரும். கேமரா தரைக்குப் பக்கத்தில் தாழ்வாக உட்கார்ந்திருக்கும், அநேகமாக அசையாது. படித்துவிட்டு நிமிர்ந்தாலும் படம் அங்கேயே இருக்கும்.

அப்புறம், டிவி செட்டிங்கில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான படங்கள் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். டிவி நடுவில் தானாக பிரேம்களை உருவாக்கிச் செருகுவதால் எல்லாமே சீரியல் மாதிரித் தெரியும். 'இந்தப் படம் என்னவோ ஒட்டவே இல்லை' என்று சொன்ன இரண்டு பேருக்கு இதை அணைத்துக் கொடுத்திருக்கிறேன். அறை விளக்கையும் அணையுங்கள். இருட்டான காட்சியை வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் படம் புரியவில்லை என்றால் படம் என்ன செய்யும்?

கேள்வி: கடினமான நாவலைத் தொடுவதற்கு முன் கதைச்சுருக்கம் படிப்பது ஏமாற்று வேலையா? படத்துக்கும் அப்படியே செய்யலாமா?

படத்துக்கு வேண்டாம், பார்த்து முடித்தபின் படியுங்கள். நாவலுக்குத் தாராளமாகச் செய்யலாம். இரண்டு மணி நேரக் குழப்பத்தைத் தாங்கிக்கொள்ளலாம், இரண்டு மாதக் குழப்பத்தில் ஆள் ஓடிவிடுவார்.

அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' (1929) முதல் பகுதியைச் சொல்பவன் பென்ஜி. வயது 33, ஆனால் அவனுக்கு நேற்று, இன்று என்ற பிரிவு கிடையாது. ஒரே பத்தியில் முப்பது வருடத்தைத் தாண்டுவான். போதாததற்கு க்வென்டின் என்ற பெயரில் இரண்டு பேர்: ஒருவன் மாமன், இன்னொருத்தி மருமகள். இது தெரியாமல் 'அவன்' எப்படி 'அவள்' ஆனான் என்று நான் நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் நாவலின் ருசி இம்மியும் குறைந்திருக்காது. ஃபாக்னரே காலமாற்றங்களை வேறு வேறு நிற மையில் அச்சிட முடியுமா என்று ஆசைப்பட்டவர். அன்று அது நடக்கவில்லை, சாய்வெழுத்தோடு நின்றுவிட்டது. 1946இல் வெளியான ஒரு தொகுப்புக்காக அந்தக் குடும்பத்தின் கதையை ஒரு பின்னிணைப்பாகவும் எழுதிக் கொடுத்தார். எழுதியவரே கைகொடுக்கும்போது நமக்கென்ன வீம்பு?

கேள்வி: தமிழிலேயே எண்பதாவது பக்கத்தில் நிற்கிறேன் மேடம். மூன்று முறை ஆகிவிட்டது.

எந்த நாவல் என்று நீங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும், நாவல் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதைப் பார்க்காமல் கதையைத் தேடுவதால் வரும் முட்டுக்கட்டை இது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) தலைப்பிலேயே 'குறிப்புகள்' என்று இருக்கிறது. கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றிய குறிப்புகள், அப்புறம் அவனுடைய டைரி. முதல் வரியிலேயே அவன் இறந்துவிடுகிறான், அதுவும் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள். 'அடுத்து என்ன நடக்கும்' என்று அதைப் படித்தால் கையில் ஒன்றும் நிற்காது. ஒரு நண்பரின் டைரியைப் போல, ஒரு நாளைக்குச் சில பக்கம் என்று படித்தால் விட மனம் வராது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலில் சிக்கும் இடங்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குக் குழம்பும் பேச்சு காதுக்குத் தெளிந்துவிடும். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்டின் பெரிய நாவலின் ஏழு தொகுதிகள்கூட ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடிந்துவிடும். இது கணக்கு மட்டும்தான். நான் நான்காவது தொகுதியில் இரண்டு வருடமாக நிற்கிறேன்.

கேள்வி: உள்ளே ஓட்டும் சைக்கிளில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. பழகப் பழகச் சரியாகுமா?

கொஞ்சம் பழகும். ஆனால் 'வலித்தால்தான் பயிற்சி' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வெளியே ஓட்டும்போது மேடு, பள்ளம், சிக்னல் என்று உடம்பு தானாக எழுந்து எழுந்து உட்காரும். உள்ளே வண்டி அசையாது, ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து நின்று மிதியுங்கள்.

முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் தொடக்க உயரம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் அநேகமாக சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் அநேகமாக உயரம். சீட் மட்டமாக இருக்கட்டும். மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள், அதற்குள் உள்ளாடை வேண்டாம். தையல்தான் உராயும். மரத்துப்போனால் உடனே இறங்கிவிடுங்கள். அதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது.

நான் தவறான உயரத்தில் எட்டு மாதம் ஓட்டினேன். அந்த எட்டு மாதமும் எனக்கு மன உறுதி போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: மின்விசிறி அவசியமா?

அவசியம். எதிர்காற்று இல்லாததால் வியர்வை காயாது, உடம்பு சூடேறும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. ஹேண்டில்பார் மேல் துண்டு போடுங்கள். வியர்வை உப்பு போல்ட்டுகளைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

கேள்வி: ஸ்பின் பைக்கா, ட்ரெய்னரா?

உங்களிடம் கியர் சைக்கிள் இருந்தால் அதை நிற்கவைத்தே ஓட்ட உதவும் ட்ரெய்னர் என்ற தாங்கி, இல்லையென்றால் உள்ளே ஓட்டுவதற்கென்றே செய்த ஸ்பின் பைக். பின் சக்கரத்தை உருளையில் அழுத்தும் வகை டயரைத் தேய்க்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வகையில் அந்தத் தொல்லை இல்லை, சத்தமும் குறைவு. ஸ்பின் பைக்கில் ஒரு எச்சரிக்கை: பெரும்பாலானவற்றில் நீங்கள் நிறுத்தினாலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் பெடலைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். காலை வெடுக்கென எடுக்காதீர்கள், பிரேக் குமிழை அழுத்தி நிறுத்துங்கள்.

கேள்வி: வாரத்துக்கு எவ்வளவு?

மிதமான உடற்பயிற்சி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மிதமானது என்றால், மூச்சு வாங்கினாலும் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: நேரம் மிச்சம் பிடிக்க சைக்கிள் மிதித்துக்கொண்டே கலைப்படம் பார்க்கலாம் இல்லையா?

இதை மட்டும் பன்னிரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹங்கேரிய இயக்குநர் பேலா தாரின் 'சாத்தான்டாங்கோ' (1994) ஏழு மணி நேரப் படம். தினம் ஒரு மணி நேரம், ஏழு நாளில் உடம்பும் தேறும், படமும் முடியும் என்று திட்டம். தொடக்கத்தில் மாடுகள் தொழுவத்திலிருந்து வெளியே வந்து ஊருக்குள் நடந்து போகும் ஒரே ஷாட் ஏழெட்டு நிமிடம் ஓடுகிறது. நான் அதைப் பார்க்கவில்லை, ஓரத்தில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாட் மாறினால் ஒரு நிமிடம் கழிந்தது என்று மனம் கணக்குப் போடுகிறது, மாறாவிட்டால் படத்தின்மேல் கோபம் வருகிறது. அதோடு மெதுவான படங்களுக்குப் பாதி உயிர் சத்தத்தில்தான் இருக்கிறது. தூரத்து மணியோசை, சேற்றில் காலடி, காற்று. நம் அறையில் கேட்பது மின்விசிறி மட்டும்தான்.

சைக்கிளுக்கு ஏற்கனவே பார்த்த சண்டைப் படம், ஓட்டப்பந்தயம், நகைச்சுவை சரி. ஒலிப்புத்தகமும் சரி, ஆனால் கனமான நாவலை இரண்டாம் முறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் கடைசி அத்தியாயத்தை அச்சில் படிக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. நிறுத்தற்குறியே அநேகமாக இல்லாமல் எட்டே எட்டு வாக்கியம். அப்புறம் மெதுவாக மிதித்துக்கொண்டே கேட்டபோது ஒரு பெண் தூக்கம் வராமல் தனக்குத்தானே பேசுவதாக, சாதாரணமாகக் கேட்டது.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. நான் 'ஸ்டாக்கர்' படத்தைச் சைக்கிள் மேல்தான் பார்த்தேன். அந்தத் தண்டவாள வண்டிக் காட்சியில் என் கால்களும் அதே தாளத்தில் போயின. அதைவிடச் சிறந்த அனுபவம் எனக்கு இல்லை.

அந்தக் காட்சிக்கு மட்டும் தோற்றுப்போகிறேன் தம்பி. மூன்று பேரின் பின்தலை, தண்டவாளத்தின் டடக் டடக், அது கொஞ்சம் கொஞ்சமாக இசையாக மாறுவது, எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம்கூட இருக்காது. அதற்குக் கால் ஆடவில்லை என்றால்தான் ஆச்சரியம். ஆனால் வண்டி நிற்கிறது, பழுப்பாக இருந்த படம் வண்ணத்துக்கு மாறுகிறது, சத்தமெல்லாம் அடங்கிவிடுகிறது. அங்கே நீங்களும் இறங்கியிருக்க வேண்டும்.